91 சதவீதப் பொருத்தம் என்று காட்டும் ரிப்போர்ட்டைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 29, தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. ஒரு டேட்டிங் தளத்தில் இரண்டு இரவுகள் உட்கார்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் கொடுத்திருக்கிறார். கடைசியில் நாலு வரிச் சுருக்கம் இலவசமாக வந்தது. முழு ஆளுமை ரிப்போர்ட் வேண்டுமென்றால் 20 டொலர் கட்டச் சொல்கிறது. அதே தளத்தில் பழக்கமான ஓர் இளைஞர், பதுளைப் பக்கத்துக்காரர், இப்போது கட்டாரில் வேலை, தன்னுடைய ரிப்போர்ட்டை ஏற்கெனவே வாங்கி இவருக்கு அனுப்பியிருக்கிறார். இருவருக்கும் 91 சதவீதப் பொருத்தம் என்று தளம் காட்டுகிறதாம். 'நானும் வாங்கினால் நல்லதா அக்கா, இல்லை வீண் செலவா?' என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி: வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரிப்போர்ட் உண்மையைச் சொல்லுமா என்பது ஒன்று. இந்த மனிதரை நம்பிக் கழுத்தை நீட்டலாமா என்பது மற்றது. முதலாவதற்குப் பாதி ஆம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அந்த ரிப்போர்ட்டிடம் பதிலே கிடையாது.

காசுக் கணக்கைப் பார்ப்போம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால்கூட 20 டொலர் என்பது 6,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் உங்கள் அம்மா நாலரை நாள் மலையில் நின்று வேலைக்குப் பேர் போட்டால்தான் அந்தத் தொகை வரும். ஆசிரியைச் சம்பளத்தில் அது உங்களை முறித்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாங்குகிற பொருள் அந்த நாலரை நாளுக்குப் பெறுமா என்று பார்க்கத்தானே வேண்டும்.

அடுத்து அந்த 91. ஓகேகியூபிட் என்ற அமெரிக்க டேட்டிங் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர், தங்கள் தளத்தில் செய்து பார்த்த ஒரு சோதனையை 2014இல் தானே வெளிப்படையாக எழுதினார். கணக்குப்படி 30 சதவீதம்தான் பொருந்தும் என்றிருந்த சோடிகளுக்கு, 90 சதவீதம் பொருந்துகிறது என்று மாற்றிக் காட்டினார்கள். அந்தச் சோடிகள் ஒருவருக்கொருவர் கூடுதலாகச் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். அது மட்டுமில்லை, அனுப்பிய செய்தி தொடர்ந்து பேச்சாக வளர்வதும் கூடியது. எண்ணைப் பார்த்ததும் மனசு திறந்துவிடுகிறது, எதிரில் இருப்பவர் சொல்லும் எல்லாவற்றையும் நல்லபடியாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் இருவருக்கும் நடுவே இப்போது ஓடுகிற இனிமையில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு அந்த 91ஆல் வந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. பழக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. எண்ணைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஈஹார்மனி என்று ஒரு தளம், நீல் கிளார்க் வொரன் என்ற உளவியலாளர் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. நீண்ட கேள்வித்தாளைக் கொடுத்து, 29 அம்சங்களில் பொருத்தம் பார்ப்பதாகச் சொல்லியே பெயர் வாங்கியது. லண்டன் சுரங்க ரயிலில் 'விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்ட' பொருத்தம் பார்க்கும் முறை என்று விளம்பரம் வைத்தார்கள். பிரித்தானியாவின் விளம்பரத் தரநிலை அமைப்பு 2018 ஜனவரியில் அந்த விளம்பரத்தை மீண்டும் அப்படியே போடக் கூடாது என்று தடுத்தது. கம்பனி காட்டிய ஆதாரங்கள் அந்தச் சொல்லைத் தாங்கவில்லை. அதற்கு முன்பே, 2012இல், எலி ஃபிங்கெலும் இன்னும் நான்கு உளவியல் ஆய்வாளர்களும் இணையத் தளங்களின் பொருத்தக் கணக்குகள் பற்றி இருந்த ஆதாரங்களையெல்லாம் எடுத்து அலசி, இவை மற்ற வழிகளைவிட நல்ல சோடிகளைச் சேர்க்கின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதினார்கள்.

சரி, இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். நான் பல வருடங்களாக ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் உளவளத்துணை வேலை செய்கிறேன். இப்படிக் காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கூடிவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: 'அப்படியே என்னையே எழுதியிருக்கு மிஸ்.'

பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்டு முடிவைக் கொடுத்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று 5க்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

இதைப் படித்துவிட்டு நானும் ஒருமுறை தலவாக்கலையில் ஓர் இளைஞர் வகுப்பில் செய்து பார்த்தேன். முதல் வாரம் ஒரு கேள்வித்தாள். அடுத்த வாரம் பெயர் எழுதிய கடித உறைகள். உள்ளே எல்லோருக்கும் ஒரே பக்கம். நம் ஊருக்குத் தகுந்தபடி நானே எழுதியது. 'வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில விஷயங்கள் உங்களை அரித்துக்கொண்டிருக்கின்றன.' 'கோபத்தில் சட்டென்று ஒரு சொல் சொல்லிவிட்டு, பிறகு தனியாக இருக்கும்போது அதை நினைத்து வருந்துவீர்கள்.' 'வீட்டுக்காக நீங்கள் விட்டுக்கொடுத்தவை யாருக்கும் முழுதாகத் தெரியாது.' கொழும்பில் துணிக்கடை ஒன்றில் நிற்கும் பிள்ளை ஒன்று லீவுக்கு வந்திருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பெரும்பாலானவர்கள் 4, 5 என்று புள்ளி போட்டார்கள். பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தப் பிள்ளை மட்டும் நின்றது. 'மிஸ், எல்லாருக்கும் ஒண்ணுதான்னு தெரியும். இருந்தாலும் இத நான் வச்சுக்கலாமா?' என்று கேட்டது. அந்த வரி அவளுக்கு உண்மைதான். ஆனால் அவள் கொடுத்த எந்தப் பதிலிலிருந்தும் அது வரவில்லை. பத்து வயதிலிருந்து வீட்டுக்காக உழைக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு வரியை வீட்டில் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பயிற்சியை நான் எங்கேயும் செய்யவில்லை. ஆனால் ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டி 'என்னையே எழுதியிருக்கு' என்று சொல்லும்போது, அவர் ஏமாந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. யாராவது நம்மைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் நியாயமான ஏக்கம்தான்.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அவருடைய ரிப்போர்ட்டின் பக்கத்தையும் இப்படித்தான் படித்தேன். 'புதிய அனுபவங்களை விரும்புவார், ஆனால் பழகிய இடத்தின் பாதுகாப்பும் அவருக்கு வேண்டும்.' 'உணர்ச்சிகளை உடனே வெளிக்காட்டமாட்டார், நம்பிக்கை வந்தபின் மனம் திறப்பார்.' இந்த இரண்டு வரிகளிலும் அவர் பெயரை எடுத்துவிட்டு உங்கள் அண்ணன் பெயரைப் போடுங்கள். அதிபர் சேர் பெயரைப் போடுங்கள். பொருந்துகிறதா? பொருந்தும். யாருக்கும் பொருந்துகிற வரி இவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

ஆனால் அதே பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு கோட்டுப் படம் இருக்கிறதே, அதில் 'திட்டமிடலும் பொறுப்பும்' என்ற இடத்தில் 34 என்று இருக்கிறது. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து 34ஆவது இடம், அதாவது சராசரிக்குக் கீழே. அந்தப் பக்கம் முழுவதிலும் ஏதோ சொல்கிற ஒரே இடம் அதுதான். அதை மேலே எப்படி எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்: 'நெகிழ்வானவர், சூழ்நிலைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்பவர்.' ரிப்போர்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவரும் அதில் பேசப்படுகிறவரும் ஒரே ஆள். அவர் மனம் கோணாதபடிதான் எழுதுவார்கள். குறைவான புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நல்ல பெயரைப் போர்த்திக்கொண்டு வரும்.

இந்தப் புள்ளிகளே பொய் என்று நினைக்க வேண்டாம். நல்ல கேள்வித்தாள்கள் ஐந்து பெரிய குணங்களை அளக்கின்றன: புதியதை ஏற்கும் மனம், பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணக்கம், அப்புறம் மனம் எளிதில் கலங்கும் தன்மை. இந்த ஐந்தும் பல பத்தாண்டு ஆராய்ச்சியில் நின்றவை. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதும் அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்வதும் ஓரளவு ஒத்துப்போகின்றன. இதே ஐந்தையும் காசில்லாமல் பார்க்கலாம். லூயிஸ் கோல்ட்பெர்க் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த ஒரு பொதுக் கேள்வித் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து உருவாக்கிய 120 கேள்விச் சோதனையைச் செய்தால் அரை மணித்தியாலத்துக்குள் புள்ளிகள் கையில் இருக்கும். உங்கள் தளம் 20 டொலருக்கு விற்பதில் அளக்கக்கூடிய பகுதி இவ்வளவுதான்.

நம் மலையகத்துப் பிள்ளைகள் இந்தச் சோதனைகளைச் செய்யும்போது இன்னொரு சிக்கல் வருகிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'என் அறையை அலங்கோலமாக விட்டுவிடுவேன்' என்று ஒரு கேள்வி வரும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேரோடு வளர்ந்த பிள்ளை இதற்கு என்ன பதில் போடும்? அவளுக்கென்று ஓர் அறை இருந்ததே இல்லை. 'பெரிய விருந்துகளை மிகவும் விரும்புவேன்' என்று ஒன்று. திருவிழாவுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் லயமே ஒன்று கூடுவதை அவள் விருந்தாக எண்ணுவாளா? 'தனியாக இருக்கவே விரும்புகிறேன்' என்று இன்னொன்று. ஒரு மணித்தியாலம் தனியாக உட்கார இடம் கிடைக்காதவர்கள் எல்லோரும் அதற்கு ஆம் போடுவார்கள், தளம் அவர்களை ஒதுங்கிய சுபாவம் என்று முடிவு கட்டும். 'அடிக்கடி கவலைப்படுவேன்' என்பதற்கும் அப்படித்தான். காணி உறுதி கையில் இல்லாமல், மழைக்கு மண் சரியுமா என்று பார்த்துக்கொண்டு தூங்குகிறவர் கவலைப்படுகிறார் என்றால் அது சுபாவமா, நிலைமையா? அப்புறம், சராசரி என்கிறார்களே, யாருடைய சராசரி? அந்தக் கேள்வித்தாளை ஆங்கிலத்தில் நிரப்பிய வேறு நாட்டுக்காரர்களோடு வைத்துத்தான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். ஆகவே உங்கள் இலவசச் சுருக்கத்தில் 'எளிதில் கலங்குபவர்' என்று வந்ததை நினைத்து மனம் உடைய வேண்டாம். அப்பாவின் சுகவீனத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகு, இந்த வருடம் உங்களுக்கு வேறு எந்தப் புள்ளியும் வந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. குணப் புள்ளிகள் சரியாகவே இருந்தாலும், இரண்டு பேர் சேர்ந்து எப்படி வாழ்வார்கள் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியுமா? பல வருடங்கள் தேடியும் கிடைத்தது மிகக் குறைவு. சமந்தா ஜோயல் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாதவர்கள் சில நிமிடங்கள் சந்தித்துப் பேசும் நிகழ்வுக்கு வந்தவர்களிடம் முன்கூட்டியே நூற்றுக்கும் மேற்பட்ட விபரங்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பொதுவாக யாரை எல்லோருக்கும் பிடிக்கும் என்று ஓரளவு கணினியால் சொல்ல முடிந்தது. குறிப்பாக இவருக்கு இவரைப் பிடிக்குமா என்பதை அதனால் சொல்லவே முடியவில்லை. அதே ஜோயல் 2020இல் 11,196 சோடிகளின் தரவுகளை, 43 தொகுதிகளை ஒன்றாக்கிப் பார்த்தார். திருப்தியான உறவை அதிகம் காட்டிக்கொடுத்தவை ஆளுடைய குணங்களைவிட உறவுக்குள் நடப்பவைதான்: துணை இந்த உறவில் உறுதியாக நிற்கிறார் என்ற நம்பிக்கை, ஒருவரையொருவர் மதித்துப் பாராட்டுவது, தாம்பத்தியத் திருப்தி, சண்டை எவ்வளவு நடக்கிறது என்பது.

குணங்கள் ஒத்துப்போவது நல்லது என்ற எண்ணத்தையும் சோதித்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியா, பிரித்தானியா, ஜேர்மனி ஆகிய மூன்று நாடுகளின் பெரிய ஆய்வுகளை வைத்து 2010இல் வந்த ஒரு கட்டுரையில், திருப்தி ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் கணவன் மனைவி குணங்கள் ஒத்திருப்பதற்கு இருந்த பங்கு மிகச் சொற்பம், அரை சதவீதம்கூட இல்லை. இருவரும் ஒரே மாதிரி இருப்பதைவிட, தனித்தனியே ஒவ்வொருவரும் நிதானமும் இணக்கமும் பொறுப்பும் உள்ளவராக இருப்பதற்குத்தான் பலன் இருந்தது. அப்படியென்றால் அந்த 91ஐ விட அந்த 34தான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

அதை வைத்துக்கொண்டு அவரை வெட்டிவிடச் சொல்லவில்லை. அதை ஒரு பேச்சாக்குங்கள். 'அனுப்பும் காசை வீட்டில் யார் கையில் கொடுக்கிறீர்கள்? சீட்டு ஏதும் போட்டிருக்கிறீர்களா? ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய கடன் முடிந்ததா?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையைவிடச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். மழுப்புகிறாரா, எரிந்து விழுகிறாரா, இல்லை 'இன்னும் இவ்வளவு இருக்கு, இப்படிக் கட்டுறேன்' என்று உட்கார்ந்து கணக்குச் சொல்கிறாரா? கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பது, நீங்கள் வேலையை விட வேண்டுமா, உங்கள் அம்மா அப்பாவை யார் பார்ப்பது, இவற்றையும் இப்போதே கேளுங்கள். ஒரு தடவையாவது அவர் சொன்னதை மறுத்துப் பேசிப் பாருங்கள். மறுநாள் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதில் நூறு கேள்வித்தாளில் இல்லாத விஷயம் இருக்கும். கோபக்காரர் ஒருவர் 'எனக்குக் கோபம் வருவது அரிது' என்று கேள்வித்தாளில் போடலாம், மனதார நம்பியே போடலாம்.

நம் வீடுகளில் குறிப்புப் பார்க்கும்போது பத்துப் பொருத்தத்தில் எத்தனை இருக்கிறது என்று கேட்பார்கள். அந்தப் பத்தும் இந்த 91ம் செய்வது ஒரே வேலை என்றுதான் எனக்குப் படுகிறது, பயத்தைக் கொஞ்சம் குறைத்து முன்னே போக வைப்பது. ஆனால் குறிப்போடு சேர்ந்து நம் ஆட்கள் இன்னொன்றும் செய்வார்கள்: விசாரிப்பார்கள். பையனின் தோட்டத்தில், பக்கத்து டிவிசனில், அவன் படித்த பாடசாலையில், வேலை செய்த கடையில். குடிப்பானா, தங்கச்சிமாரை எப்படி நடத்துகிறான், அவன் அப்பா அம்மாவை அடிப்பாரா என்று. அந்த விசாரிப்பில் சாதி கேட்கும் அசிங்கமும் கலந்திருக்கிறது. அதற்குப் பயந்துதான் உங்களைப் போன்ற படித்த பிள்ளைகள் இணையத்துக்குப் போகிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. அந்த அசிங்கத்தை விட்டுவிடுங்கள், விசாரிப்பை விட்டுவிடாதீர்கள். பதுளைப் பக்கம் உங்களோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்?

வாங்குவதில் இரண்டு சின்ன ஆபத்துகளும் உண்டு. ஒரு தம்பிக்கு நடந்தது: ஒருமுறை மட்டும் என்று நினைத்து அட்டை இலக்கத்தைக் கொடுத்தார், அது மாதச் சந்தாவாக இருந்தது, மூன்று மாதம் காசு போன பிறகுதான் வங்கிக் கணக்கைப் பார்த்தார். இன்னொன்று, நீங்கள் கொடுக்கும் பதில்கள். 2020 ஜனவரியில் நோர்வேயின் நுகர்வோர் சபை சில பிரபலமான செயலிகளை, டேட்டிங் செயலிகளையும் சேர்த்து, ஆராய்ந்து, பயனர்களின் அந்தரங்கத் தகவல்கள் விளம்பர, தரவுக் கம்பனிகளுக்குப் போகின்றன என்று காட்டியது. நம் நாட்டிலும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் வெளிநாட்டுத் தளத்திடமிருந்து அதை வைத்துத் தரவை மீட்பது தனி ஒருவருக்கு லேசான காரியம் இல்லை.

யாருக்காவது வாங்கலாம் என்று சொல்வேனா? தன்னைப் பற்றி வாசிக்கப் பிரியம், காசு ஒரு பொருட்டில்லை, இதை வைத்து ஆளைத் தெரிவு செய்யப் போவதில்லை என்றால் வாங்கட்டும். உங்கள் நிலைமை அது இல்லை.

ஏப்ரல் லீவுக்கு அவர் ஊருக்கு வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நுவரெலியா சீசன் நெரிசலில் சந்திக்க வேண்டாம், அங்கே நின்று பேச இடம் இருக்காது. ஹட்டனில் பகல் நேரத்தில், உங்கள் அக்காவையோ ஒரு தோழியையோ கூட்டிக்கொண்டு போய்ச் சந்தியுங்கள். பஸ் காசும் மூன்று பேர் சாப்பாடும் அந்த 6,000இல் பாதிக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு வந்த அந்த நாலு வரி இலவசச் சுருக்கத்தை அவருக்கு அனுப்பி, 'இதில் எது நானில்லை என்று நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். இத்தனை மாதம் பேசியதில் அவர் உங்களை எவ்வளவு கவனித்திருக்கிறார் என்று அவர் சொல்லும் பதிலில் தெரியும். அதையும் எனக்கு எழுதுங்கள்.